நெகிழும் உலோக-கரிமச் சட்டகங்களில் ஆவிக் கவர்ச்சியை அளப்பது எப்படி: ஆய்வகத்தில் புதிதாக நுழைவோருக்கு

சிலிக்கா ஜெல்லையோ ஜியோலைட்டையோ கருவியில் வைத்து நீராவிச் சமவெப்பக் கோடு (வெப்பநிலையை மாற்றாமல் அழுத்தத்தைக் கூட்டும்போது பொருள் எவ்வளவு ஆவியைப் பிடிக்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தால், இன்று வரும் கோடும் அடுத்த வாரம் வரும் கோடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நெகிழும் உலோக-கரிமச் சட்டகங்களில் (எம்ஓஎஃப்; உலோக மூட்டுகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் நுண்துளைப் படிகங்கள்) அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரே குப்பியிலிருந்து எடுத்த பொடியே இரண்டு முறை இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம், இரண்டு அளவீடும் சரியாகவும் இருக்கலாம். ஆவி உள்ளே வரும்போது சட்டகமே விரிகிறது அல்லது ஒடுங்குகிறது. அந்த மாற்றம் எப்போது நிகழும் என்பது மாதிரியின் முந்தைய வரலாறு, டோஸின் (ஒவ்வொரு தடவையும் உள்ளே விடும் ஆவியின்) அளவு, ஒவ்வொரு புள்ளியிலும் காத்திருந்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. கருவி வரைந்து தரும் கோட்டில் பொருளின் குணத்தோடு அளந்த விதமும் பதிவாகியிருக்கும். அந்த இரண்டையும் பிரித்தறியும் வேலையைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

எதை வைத்துத் தொடங்கலாம்

கியோட்டோவின் சுசுமு கிட்டகாவா இவ்வகைப் பொருள்களை 'மென் நுண்துளைப் படிகங்கள்' என்று வகைப்படுத்தினார். 2025-இல் வேதியியல் நோபல் பரிசை ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். இன்று நெகிழும் சட்டகங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் கை பழகுவதற்கு அலுமினிய எம்ஐஎல்-53 போதும். பிரான்சின் வெர்சாய் நகரில் ஜெரார் ஃபெரே குழுவினர் 2002-இல் குரோமிய வடிவத்தை வெளியிட்டனர். அலுமினிய வடிவம் 2004-இல் வந்தது. இதைப் பரிந்துரைக்கக் காரணங்கள் எளியவை. மூலப்பொருள் விலை குறைவு, கரைப்பான் தண்ணீர்தான், சட்டகம் காற்றில் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரத்தில் எளிதில் உடையாது. துத்தநாகத் துடுப்புச் சக்கரச் சட்டகங்களை (இரண்டு துத்தநாக அணுக்களை நான்கு கார்பாக்சிலேட்டுகள் சுற்றி இணைக்கும் வகையை) வைத்து நீராவி பழக வேண்டாம். ஈரக்காற்றில் பிணைப்பே அறுந்துபோகும், நீங்கள் அளப்பது இடிபாட்டைத்தான்.

எம்ஐஎல்-53-இன் அமைப்பை மனதில் இருத்திக்கொள்ள, கடைவாசலில் இருக்கும் மடக்குக் கம்பிக் கேட்டை நினைத்தால் போதும். அலுமினியச் சங்கிலிகள் மூட்டுகள், டெரிப்தாலேட் அலகுகள் குறுக்குக் கம்பிகள், இடையில் வைர வடிவத் துளைகள். கம்பியின் நீளம் மாறுவதில்லை, கோணம்தான் மாறுகிறது. திறந்த நிலையில் அலகுக்கூட்டின் கனஅளவு சுமார் 1412 கன ஆங்ஸ்ட்ராம். நீர் ஏறி ஒடுங்கிய நிலையில் சுமார் 947. மூன்றில் ஒரு பங்கு சுருக்கம்.

தயாரிப்பு

2004-இல் வெளியான செய்முறையே இன்றும் நல்ல தொடக்கம். அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட் 1.30 கிராம், டெரிப்தாலிக் அமிலம் 0.288 கிராம், அயனி நீக்கிய நீர் 5 மிலி. டெஃப்லான் உறையிட்ட 23 மிலி ஆட்டோகிளேவில் போட்டு மூடி, 220 டிகிரியில் 3 நாள். அந்த வெப்பத்தில் உள்ளே நீரின் அழுத்தம் மட்டுமே சுமார் 23 பார் இருக்கும். ஆகவே உறையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, அடுப்பை அணைத்த பின் முழுக்க ஆறும்வரை திறக்கவும் கூடாது. கிடைக்கும் வெள்ளைப் பொடியை வடிகட்டி நீரில் கழுவுங்கள். வடிநீர் அமிலமானது, நடுநிலையாக்கிய பிறகே கொட்ட வேண்டும்.

விளைச்சலைப் பார்த்து ஏமாற வேண்டாம். அலுமினியம் தேவைக்கு மேல் இருக்கிறது, அமிலம்தான் எல்லை. அந்த அமிலத்திலும் ஒரு பகுதி சட்டகமாகாமல் துளைக்குள் விருந்தாளியாகத் தங்கிவிடும்; ஓர் அலுமினியத்துக்கு 0.7 மூலக்கூறு. கணக்குப் போட்டால், துளை காலியான பொருள் ஒரு பாட்ச்சுக்கு அதிகபட்சம் 210 மில்லிகிராம்தான் தேறும். இரண்டு மாதிரிக் குழாய்களுக்குச் சரியாக இருக்கும்.

அந்த விருந்தாளி அமிலத்தை வெளியேற்றுவதுதான் அடுத்த வேலை. காற்றில் 330 டிகிரியில் 3 நாள் சுட வேண்டும். அவசரப்பட்டு ஒரு நாளில் எடுத்துவிடுபவர்கள் பலர். அப்படி எடுத்த மாதிரியில் அமிலம் துளையை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும், அதனால் சட்டகம் ஒடுங்க முடியாது. 'என் மாதிரி நெகிழவில்லை' என்ற புலம்பலில் பாதிக்கு இதுவே மூலம். பேசோலைட் ஏ100 என்ற பெயரில் கடையில் கிடைப்பதும் அலுமினிய எம்ஐஎல்-53 தான். வாங்கினாலும் கீழே உள்ள சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது.

உரலில் போட்டு அரைக்காதீர்கள், மாத்திரையாக அழுத்தாதீர்கள். எம்ஐஎல்-53 வகைச் சட்டகங்கள் சில பத்து மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே ஒடுங்கிவிடக் கூடியவை. படிகத்தின் அளவும் முக்கியம். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் குழுவினர் உருவாக்கிய நிக்கல் டியுடி-8 இதற்கு நல்ல சான்று. மைக்ரோமீட்டர் அளவுப் படிகங்களில் அது நெகிழ்கிறது. அதே பொருளை அரை மைக்ரோமீட்டருக்குக் கீழான படிகங்களாக வளர்த்தால் விறைத்து நிற்கிறது. ஆகவே பாட்ச் மாறினால் நுண்ணோக்கிப் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவிக்கு முன் மூன்று சோதனைகள்

முதலில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு. செப்புக் கதிரில் திறந்த நிலையின் முதல் பெரிய முகடு 8.7 டிகிரிக்கு அருகில் வரும். நீரேறி ஒடுங்கிய நிலையில் 9.3-9.4 டிகிரியிலும் 12.5 டிகிரியிலும் வரும். அறைக் காற்றில் வைத்து எடுத்தால் ஒடுங்கிய நிலையே தெரியும், ஏனெனில் மாதிரி காற்றின் ஈரத்தை இழுத்துவிட்டது. அது கெட்ட மாதிரி அல்ல, நல்ல அறிகுறி. ஆனால் 8.7 முகடு அறைக் காற்றிலும் மறையாமல் நின்றால் துளைக்குள் அமிலம் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் தீர அகச்சிவப்பு நிறமாலை எடுங்கள். 1700 செமீ⁻¹-க்கு அருகில் முகடு நின்றால் இணையாத கார்பாக்சிலிக் அமிலம் உள்ளே இருக்கிறது. மறுபடி சுட வேண்டியதுதான்.

மூன்றாவது வெப்ப எடையறி பகுப்பாய்வு. இதில் எண்கள் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் விடைத்தாளைக் கையில் வைத்துத் திருத்துவதுபோல் எளிது. காலியான சட்டகத்தின் வாய்பாட்டு எடை 208.1. ஓர் அலுமினியத்துக்கு ஒரு நீர் மூலக்கூறு ஏறியிருந்தால், சூடேற்றும்போது முதலில் 8 சதவீதம் இறங்க வேண்டும். பிறகு நீண்ட சமதளம். 500 டிகிரியைத் தாண்டியதும் கரிமப் பகுதி எரிந்து, உலர்ந்த எடையில் 24.5 சதவீதம் அலுமினாவாக மிஞ்ச வேண்டும். சமதளம் இருக்க வேண்டிய 300-400 டிகிரி இடைவெளியில் சரிவு தெரிந்தால் அது தங்கிய அமிலம். சுடாத மாதிரியில் அந்தச் சரிவு சுமார் 36 சதவீதம் வரை போகும்.

77 கெல்வினில் நைட்ரஜன் கோடு எடுப்பதும் வழக்கம். பிஇடி பரப்பு (நைட்ரஜன் கோட்டிலிருந்து கணக்கிடும் உட்பரப்பு) கிராமுக்கு 1100 சதுர மீட்டருக்கு அருகில் வரும். ஒன்று கவனியுங்கள்: வெற்றிடத்தில் குளிர்வித்தால் இந்தச் சட்டகம் 125-150 கெல்வினுக்கிடையில் தானாகவே ஒடுங்கக் கூடியது. ஆகவே குறைந்த அழுத்தத்தில் ஒரு படி (கோட்டில் திடீர் ஏற்றம்) தெரிந்தால் மாதிரியைக் குறை சொல்ல வேண்டாம்.

உலர்த்துதல், எடை போடுதல்

குழாயில் 80 முதல் 100 மில்லிகிராம் போடுங்கள். வெற்றிடத்தை மெல்லத் திறக்க வேண்டும். சட்டெனத் திறந்தால் பொடி பறந்து வால்வில் அடைத்துக்கொள்ளும், பிறகு அந்த வால்வு வாழ்நாள் முழுதும் கசியும். நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 150-200 டிகிரிக்கு ஏற்றி, 1 பாஸ்கலுக்குக் கீழே குறைந்தது 8 மணி நேரம் வைத்திருங்கள். அறை வெப்பத்தில் வெறும் பம்பு போட்டால் போதாது. அலுமினியங்களுக்கு இடையே பாலமாக நிற்கும் ஹைட்ராக்சில் குழுக்கள் நீரை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து வைத்திருக்கும்.

அடுத்தது எடை. புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுவே. உலர்ந்த எடைதான் கணக்கின் அடித்தளம், அது தவறினால் ஒவ்வொரு புள்ளியும் தவறும். 25 கன செமீ கொள்ளும் குழாயில் இருக்கும் காற்றின் எடை சுமார் 30 மில்லிகிராம். காலிக் குழாயைக் காற்றோடு எடை போட்டு, மாதிரியை வெற்றிடத்தோடு எடை போட்டால், 80 மில்லிகிராம் மாதிரியில் 30 காணாமல் போய்விடும். ஹீலியம் நிரப்பி எடுத்தாலும் 25 மில்லிகிராம் பிழை வரும். காலிக் குழாய், மாதிரி இருக்கும் குழாய் இரண்டையும் உலர் நைட்ரஜன் நிரப்பி, அதே அடைப்போடு, அதே அழுத்தத்தில் எடை போடுங்கள். அடைப்பைத் திறந்து தராசில் கொட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மாதிரி காற்றின் ஈரத்தை உடனே இழுக்கத் தொடங்கிவிடும். அளவீடு முடிந்த பின் மறுபடி உலர்த்தி இன்னொரு முறை எடை போடுங்கள். இரண்டு எடையும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் மனம் நிம்மதி.

திரவத்தைத் தயார் செய்தல்

நீருக்குள்ளும் ஆல்கஹாலுக்குள்ளும் காற்று கரைந்திருக்கிறது. அதை வெளியேற்றாவிட்டால் அழுத்தமானி ஆவியோடு காற்றையும் சேர்த்துச் சொல்லும். குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் திரவம் ஊற்றி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மேலே இருக்கும் வாயுவைப் பம்பால் இழுத்து, வால்வை மூடி உருக விடுங்கள். இதையே மூன்று முறை. நீர் உறையும்போது விரியும் என்பதால் குப்பியை நிறைத்தால் கண்ணாடி விரிசல் விடும். உருக வைக்கும்போது சுடுகாற்றுத் துப்பாக்கியைத் தூக்காதீர்கள், தானாக உருகட்டும்.

முடிந்ததா என்று கேட்க வேண்டியது திரவத்திடமே. 25 டிகிரியில் தெவிட்டிய ஆவியழுத்தம் நீருக்கு 3.17 கிலோபாஸ்கல், எத்தனாலுக்கு 7.87, மெத்தனாலுக்கு 16.9, டொலுயீனுக்கு 3.79. அளந்த மதிப்பு இதைவிட 1 சதவீதத்துக்கு மேல் கூடினால் இன்னும் காற்று இருக்கிறது. குறைந்தால் வெப்பநிலையிலோ திரவத்தின் தூய்மையிலோ கோளாறு.

எத்தனால் என்றால் நீரற்ற எத்தனால். சாராய வகை 95 சதவீதத்தில், மூலக்கூறு எண்ணிக்கையில் பத்தில் ஒன்றுக்கு மேல் நீர். எம்ஐஎல்-53 நீரைத் தேர்ந்து பிடித்துக்கொள்ளும் என்பதால் உங்கள் எத்தனால் கோட்டின் தொடக்கம் முழுக்க நீரின் கதையாகிவிடும். சுட்டெடுத்த 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் ஓரிரவு வைத்தால் போதும்.

குளிர்ந்த மூலையும் சிறு கசிவும்

மாதிரிக்குத் தண்ணீர்த் தொட்டி 25 டிகிரி, ஏற்ற இறக்கம் 0.1 டிகிரிக்குள். 1 டிகிரி நழுவினால் நீரின் தெவிட்டிய அழுத்தம் 6 சதவீதம் மாறும். வால்வுகளும் குழாய்களும் இருக்கும் மேனிஃபோல்டு மாதிரியைவிடச் சூடாக, 40-50 டிகிரியில் இருக்க வேண்டும். ஏன் என்றால், ஆவி அமைப்பிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில்தான் நீராக இறங்கும். தொட்டிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே விரற்கடை நீளத்துக்குக் குழாய் திறந்திருந்து, அதன்மேல் ஏசி காற்று 22 டிகிரியில் அடித்தால் என்ன ஆகும்? 22 டிகிரியில் நீரின் தெவிட்டிய அழுத்தம் 2.64 கிலோபாஸ்கல். ஆகவே ஒப்பு அழுத்தம் (25 டிகிரியின் தெவிட்டிய அழுத்தத்தோடு உள்ள விகிதம்) 0.83-ஐ எட்டியதும் அந்த விரற்கடை இடத்தில் நீர் கோக்கத் தொடங்கும், கோடு செங்குத்தாக மேலே பாயும். சட்டகம் மறுபடி திறந்துவிட்டது என்று மகிழ்ந்து கட்டுரை எழுத உட்கார்ந்துவிடக் கூடாது. வெற்றுக் குழாயை வைத்து ஒரு முறை முழு ஓட்டம் எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே பாய்ச்சல் வந்தால் குற்றவாளி குழாய்தான். எப்படியிருந்தாலும் 0.9-க்கு மேல் வரும் ஏற்றத்தைத் துகள்களுக்கு இடையே கோக்கும் திரவத்தின் கணக்கில் வையுங்கள்.

கசிவு இன்னும் சூழ்ச்சிக்காரன். நிமிடத்துக்கு 1 பாஸ்கல் என்றால் அற்பமாகத் தோன்றும். நீராவி ஓட்டம் 10 மணி நேரம் போனால் அது 600 பாஸ்கல், அதாவது தெவிட்டிய அழுத்தத்தில் 19 சதவீதம். ஓட்டத்துக்கு முன் எல்லாவற்றையும் வெற்றிடத்தில் மூடிவைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு 0.05 பாஸ்கலுக்கு மேல் ஏறினால் ஓ-வளையத்தை மாற்றுங்கள்.

வெற்றுக் கனஅளவைப் பற்றி, அதாவது குழாயில் மாதிரி போக மிஞ்சும் இடத்தைப் பற்றி, ஒரு வார்த்தை. சட்டகம் விரிந்து சுருங்குவதால் ஹீலியத்தால் அளந்த வெற்றுக் கனஅளவு பொய்யாகிவிடாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். உயர் அழுத்த வாயுவுக்கு அது உண்மையான கவலை. ஆவிக்கு இல்லை. கிராமுக்கு 0.34 கன செமீ என்பதே முழுச் சுருக்கம். 80 மில்லிகிராமுக்கு 0.027 கன செமீ. 3 கிலோபாஸ்கலில் அந்த இடத்தில் 0.04 மைக்ரோமோல் கூட அடங்காது. மாதிரி பிடிப்பதோ 380 மைக்ரோமோலுக்கு மேல். அந்தக் கவலையை அழுத்தமானியின் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். அழுத்தம் குறைவதிலிருந்து பிடித்த அளவைக் கணக்கிடும் இந்தக் கனஅளவு முறையில் ஒவ்வொரு டோஸின் பிழையும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகும்.

டோஸும் காத்திருப்பும்

வேலையின் கடினமான பகுதி இதுதான், அவசரம் இங்கே உதவாது.

30 கன செமீ மேனிஃபோல்டில் 40 டிகிரியில் 2 கிலோபாஸ்கல் நீராவி என்பது 23 மைக்ரோமோல். 80 மில்லிகிராம் எம்ஐஎல்-53 ஓர் அலுமினியத்துக்கு ஒரு நீர் என்ற கணக்கில் 384 மைக்ரோமோல் பிடிக்கும். ஆகக் குறைந்தது 17 டோஸ். ஒவ்வொன்றுக்கும் அரை மணி முதல் சில மணி நேரம். கவர்ச்சிப் பக்கம் மட்டுமே ஒரு நாளை விழுங்கிவிடும், விடுவிப்புப் பக்கம் அதைவிட நீளும். மாதிரியைக் குறைத்தால் நேரம் குறையும், பிழை கூடும்.

புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்க வேண்டாம். முதலில் ஒரு வேகமான, மோட்டா ஓட்டம் எடுத்துப் படி எங்கே என்று கண்டுபிடியுங்கள். பிறகு படியைச் சுற்றி நெருக்கமாகவும் மற்ற இடங்களில் அகலமாகவும் புள்ளி வையுங்கள். சமநிலைக்கான விதியைக் கருவியின் இயல்பு மதிப்பில் விட்டுவிடாதீர்கள். 300-500 விநாடியில் அழுத்த மாற்றம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் என்பது படி இல்லாத இடத்துக்குப் பொருந்தும். படிக்கு அருகில் அது போதாது. காரணம்: ஒரு படிகம் திறக்க முதலில் அதன் ஏதோ ஒரு மூலையில் புதிய நிலை கருவுற வேண்டும். அதுவரை அழுத்தம் அசையாமல் நிற்கும். கருவி 'சமநிலை' என்று எழுதிவிட்டு அடுத்த டோஸைத் தள்ளிவிடும்.

அதன் விளைவு கோட்டில் விசித்திரமாகத் தெரியும். கோடு வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்து, திடீரென இடப்பக்கம் திரும்பும். அடுத்த புள்ளியின் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவு, கவர்ந்த அளவு அதிகம். தாமதமாகத் திறந்த சட்டகம் ஆவியை மொத்தமாக விழுங்கியதால் அழுத்தம் சரிந்திருக்கிறது. இந்தப் புள்ளியைக் 'கெட்ட தரவு' என்று நீக்குபவர்கள் உண்டு, நீக்காதீர்கள். சிறிய டோஸ், மூன்று மடங்கு காத்திருப்பு என்று அதே பகுதியை மறுபடி எடுங்கள். பின்வாங்கல் சுருங்கினால் வேகம்தான் காரணம் என்று உறுதியாகும்.

இதற்கு நேர் எதிரான வடிவமும் உண்டு: அழுத்தம் ஏறுகிறது, கவர்ந்த அளவு இறங்குகிறது. 2016-இல் ட்ரெஸ்டன் குழு டியுடி-49 என்ற சட்டகத்தில் இதைக் கண்டு 'எதிர்மறை வாயுக் கவர்ச்சி' என்று பெயரிட்டது. மீத்தேனை 111 கெல்வினில் ஏற்றும்போது, நிறைந்துகொண்டிருந்த துளை திடீரென ஒடுங்கி வாயுவை வெளியே துப்பியது. அற்புதமான நிகழ்வுதான். ஆனால் காற்றுக் கசிவும் அச்சு அசலாக இதே வடிவத்தைத்தான் கொடுக்கும். கண்டுபிடிப்பை அறிவிக்கும் முன் ஓ-வளையத்தைப் பாருங்கள்.

எடை முறைக் கருவியில் இந்தச் சிக்கல் ஒரு பகுதி குறையும், ஏனெனில் அங்கே அழுத்தமோ ஈரப்பதமோ நிலையாகப் பிடித்து வைக்கப்படுகிறது, எடை மட்டும் ஏறுகிறது. மாதிரியும் 10-20 மில்லிகிராம் போதும். அதன் பலவீனம் உலர்த்துதல். உலர் நைட்ரஜன் ஓட்டத்தில் அறை வெப்பத்தில் எடை நிலைத்துவிட்டால் மாதிரி உலர்ந்துவிட்டதாகக் கருவி நம்பும். எம்ஐஎல்-53 இன்னும் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளேயே சூடேற்றும் வசதி இல்லாத கருவியில் இந்தப் பொருளை வைக்காமலிருப்பது நல்லது. இரண்டு முறைகளிலும் படி சற்றே வேறு இடத்தில் வந்தால் பதற வேண்டாம், அளந்த விதம் வேறு.

கோட்டைப் படிப்பது

முதலில் வடிவத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பாருங்கள். நீருக்குச் சமதளம் கிராமுக்கு 4.8 மில்லிமோலுக்கு, அதாவது உலர் எடையில் 8.7 சதவீதத்துக்கு அருகில் வர வேண்டும். அதைத் திரவ நீராக மாற்றினால் கிராமுக்கு 0.087 கன செமீ. நைட்ரஜன் சொல்லும் துளைக் கனஅளவு இதைப்போலப் பல மடங்கு. ஆக, நீர் திறந்த துளையை நிரப்பவில்லை. சட்டகத்தை ஒடுக்கி, ஹைட்ராக்சிலுக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்காமலேயே இந்த ஒரு பெருக்கல் அதைச் சொல்லிவிடும். சமதளம் 3.4-இல் நின்றால் பத்தில் மூன்று பங்கு எங்கே போனது என்று கேளுங்கள். தங்கிய அமிலம், தவறான எடை, முடிவடையாத உலர்த்தல், இந்த வரிசையில் தேடலாம்.

எத்தனாலுக்கு எதிர்பார்ப்பு வேறு. எம்ஐஎல்-53-இன் குரோமிய வடிவத்தில் ஆல்கஹால்கள் முதலில் சட்டகத்தை ஒடுக்கி, அழுத்தம் ஏறியதும் மறுபடி திறக்கின்றன. கோட்டில் இரண்டு தளங்கள். மேல் தளத்தைச் சரிபார்க்க நைட்ரஜன் தந்த துளைக் கனஅளவை எடுத்து, திரவ எத்தனாலின் அடர்த்தி 0.785-ஆல் பெருக்கி, மூலக்கூறு எடை 46.07-ஆல் வகுங்கள். கனஅளவு 0.50 என்றால் 8.5 மில்லிமோல் வரும். அளந்தது இதற்கு வெகு கீழே நின்றால் சட்டகம் முழுக்கத் திறக்கவில்லை, அல்லது படிகங்களில் ஒரு பகுதி மட்டுமே திறந்திருக்கிறது. 'பாதி திறந்த துளை' என்ற முடிவுக்கு ஓடும் முன் இந்த இரண்டாவது வாய்ப்பை நினைவில் வையுங்கள். தூளில் திறந்ததும் மூடியதும் கலந்து கிடப்பதே அதிகம் நடப்பது. எக்ஸ்-கதிரில் இரண்டு நிலைகளின் முகடுகளும் சேர்ந்து தெரிந்தால் அதுதான்.

படியின் மீது லாங்மியூர், பிஇடி சமன்பாடுகளைப் பொருத்தாதீர்கள். அவை அசையாத பரப்புக்கு எழுதப்பட்டவை. இரண்டு வெப்பநிலைக் கோடுகளிலிருந்து கவர்ச்சி வெப்பம் கணக்கிடும்போதும் படியைக் குறுக்கே தாண்டக்கூடாது. இரண்டு வெப்பநிலையிலும் சட்டகம் ஒரே நிலையில் இருக்கும் பகுதியை மட்டும் எடுங்கள். படியில் வரும் எண்ணில் ஆவியின் வெப்பத்தோடு சட்டகம் வளைந்த ஆற்றலும் கலந்திருக்கும்.

கவர்ச்சிக்கும் விடுவிப்புக்கும் நடுவே விழும் தயக்க வளையத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். சட்டக மாற்றமே தயங்குவது ஒன்று, துகள்களுக்கிடையே திரவம் கோப்பது ஒன்று, நீங்கள் பொறுமையின்றி ஓடியது ஒன்று. முதலாவது, காத்திருப்பைக் கூட்டினாலும் பெருமளவு அப்படியே நிற்கும். இரண்டாவது, 0.9-க்கு மேல் மட்டும் தெரியும். மூன்றாவது, நேரம் கொடுத்தால் ஒல்லியாகும். நீரின் விடுவிப்புக் கோடு பூச்சியத்துக்குத் திரும்பாமல் 4 மில்லிமோலில் தொங்கினால் அது நான்காவது கதை: நீர் சூடின்றி வெளியேறாது.

இதனால்தான் இரண்டாம் சுற்று முக்கியம். முதல் சுற்றுக்குப் பின் அறை வெப்பத்தில் பம்பு போட்டு மட்டும் மறுபடி ஓட்டினால், சட்டகம் ஒடுங்கிய நிலையில், மிச்ச நீரோடு புறப்படும். 200 டிகிரியில் சுட்ட பின் ஓட்டினால் திறந்த நிலையிலிருந்து புறப்படும். இரண்டு கோடுகளும் தொடக்கத்தில் ஒத்துப்போகாது. மாதிரி சிதைந்துவிட்டது என்று தூக்கிப் போடாமல், மறுபடி சுட்டு மூன்றாவது ஓட்டம் எடுத்துப் பாருங்கள். முதல் கோடு திரும்ப வந்தால் பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கருவி இல்லையென்றால்

ஆவிக் கருவி இல்லாத கல்லூரியிலும் இதைச் செய்யலாம். நான்கு டெசிக்கேட்டர், 0.1 மில்லிகிராம் தராசு, நான்கு உப்பு. 25 டிகிரியில் தெவிட்டிய லித்தியம் குளோரைடு கரைசல் 11 சதவீத ஈரப்பதம் தரும். மெக்னீசியம் குளோரைடு 33, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் சல்ஃபேட் 97. கரையாத உப்பு அடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண் செல்லாது. 200 மில்லிகிராம் மாதிரியை மூடியுள்ள எடைக்குப்பியில் 200 டிகிரியில் உலர்த்தி, மூடி, புதிதாகச் சுட்ட மூலக்கூறு சல்லடையின் மேல் ஆறவிட்டு எடை போடுங்கள். சிலிக்கா ஜெல் இதற்கு ஆகாது, மாதிரியோடு ஈரத்துக்குப் போட்டி போட்டுத் தோற்றுவிடும். பிறகு குப்பியின் மூடியைத் திறந்து 11 சதவீதப் பெட்டியில் வைத்து, நாளொன்றுக்கு எடை மாற்றம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காத்திருந்து, அடுத்த பெட்டிக்கு மாற்றுங்கள். எதிர்பார்க்கும் ஏற்றம் 17 மில்லிகிராமுக்கு மேல், தராசுக்கு எளிது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சிட்டிகை எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, எக்ஸ்-கதிரில் வைத்தால், எந்த ஈரப்பதத்தில் 8.7 மறைந்து 9.4 வருகிறது என்பதும் கையில் இருக்கும். சிட்டிகை எடுத்த எடையைக் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள், அல்லது எக்ஸ்-கதிருக்கென்று தனிக் குப்பி ஒன்றை அருகிலேயே வையுங்கள்.

குறிப்பேட்டில்

மாதிரியின் பாட்ச் எண், சுட்ட வெப்பமும் நேரமும், உலர்ந்த எடை முன்னும் பின்னும், எந்த நிலையிலிருந்து புறப்பட்டது, இதற்கு முன் எந்த ஆவியைப் பார்த்தது, அளந்த தெவிட்டிய அழுத்தம், கசிவு வீதம், டோஸ் அளவு, சமநிலை விதி. ஒவ்வொரு புள்ளிக்கும் அழுத்தம் நேரத்தோடு மாறிய மூலப் பதிவையும் கோப்பாகச் சேமியுங்கள். பல கருவிகள் இறுதிப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு அதை அழித்துவிடும். அமைப்பில் போய்ச் சேமிக்கச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரியில் பல ஆவிகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எத்தனால் முதலில், நீர் கடைசியில். எல்லாம் முடிந்த பின் 200 டிகிரியில் உலர்த்தி, ஓர் எக்ஸ்-கதிர்ப் படமும் நைட்ரஜன் பரப்பும் எடுங்கள். முதல் நாள் எடுத்த பரப்போடு 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் அதே பொடியை அடுத்த ஆவிக்கு எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் குறைந்திருந்தால் புதிய பாட்ச்.